அடி வாங்கத் தெரிந்தவன்

சண்டைக் காட்சியில் நடிக்கிறவர் யார் என்று கேட்டால் எல்லோரும் கதாநாயகனைத்தான் காட்டுவார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ஃபைட்டரிடம் தொழில் பழகியவன் நான். என் பதில் வேறு. கதாநாயகன் கையை வீசுகிறார். அந்த வீச்சு அடியாவது எதிரே நிற்பவனின் தாடையிலும் தோளிலும், அவன் கால் பின்வாங்கும் விதத்திலும்தான். அவன் சரியாக வாங்காவிட்டால் எவ்வளவு பெரிய நட்சத்திரம் குத்தினாலும் அது காற்றில் போன கைதான். அப்படி நடிக்கிறவனின் பெயரைக் கூட்டத்தோடு கூட்டமாகப் போட்டுவிடுகிறோம், அல்லது போடுவதே இல்லை. என்றோ ஒருநாள் ஓர் இயக்குநர் அவனுக்கு நாலு வசனம் கொடுத்ததும், "இவருக்கு நடிக்கவும் வருகிறதே!" என்று வியக்கிறோம். மொட்டை ராஜேந்திரனைப் பார்த்து நாம் வியந்தது அப்படித்தான்.

'நான் கடவுள்' 2009இல் வெளியானபோது ராஜேந்திரன் ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன் ஆண்டுக்கணக்காகத் தமிழ், மலையாளப் படங்களில் அடி வாங்கினார், குதித்தார், விழுந்தார். ஒரு மலையாளப் படத்துக்காக வயநாட்டுக் கல்பற்றாவில் தண்ணீருக்குள் குதித்தார். அந்தத் தண்ணீரில் தொழிற்சாலைக் கழிவு கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தலைமுடி போனது அதனால்தான் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாலாவின் 'பிதாமகன்' (2003) படத்தில் சிறைக் காவலராக ஒரு சின்ன வேடம் கிடைத்தது. ஆறு ஆண்டு கழித்து அதே பாலா, பிச்சைக்காரர்களை வைத்துப் பிழைக்கும் தாண்டவனாக அவரைக் கமராவுக்கு நேரே நிறுத்தினார். பார்த்தவர்கள் நடுங்கினார்கள். அடுத்த ஆண்டு வந்த 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் அதே மொட்டைத் தலையும் அதே கரகரத்த குரலும் தியேட்டரைச் சிரிப்பில் ஆழ்த்தின. ஒரே உடம்பு பயமுறுத்தவும் செய்கிறது, சிரிக்கவும் வைக்கிறது. இது திடீரென்று வந்த வரம் என்று நான் நினைக்கவில்லை. ஃபைட்டராக இருந்த காலமெல்லாம் அவர் கற்றுக்கொண்டிருந்தது நடிப்பைத்தான். அதை எனக்குப் புரியவைத்தது கொட்டாஞ்சேனைப் பயிற்சி.

ஸ்டோரும் மாஸ்டரும்

என் வீடு வெள்ளவத்தையில், சவோய் தியேட்டரிலிருந்து நடந்து போகும் தூரம். காலி வீதியில் 155 பஸ் ஏறினால் மருதானை, ஆமர் வீதி என்று கொழும்பில் பாதியைக் காட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனையில் இறக்கும். அங்கே, சாமான் எதுவும் இல்லாமல் கிடந்த ஒரு பழைய ஸ்டோரை, எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் வாடகைக்கு எடுத்திருந்தார். சீமெந்துத் தரை, தகரக் கூரை, சுவரோரம் அடுக்கிய தும்பு மெத்தைகள், கூரை வளையிலிருந்து தொங்கும் தடித்த கயிறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி காக்கைதீவுக் கடற்கரைக்கு மாறும். துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், ஒரு த்ரீவீலர் சாரதி, பாடசாலையில் கராத்தே பழகிய முகத்துவாரத்துப் பெண் பிள்ளை, வத்தளையிலிருந்து வரும் இரண்டு சிங்களப் பொடியன்கள், நான். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கு நாங்கள் தம்பி, தங்கச்சி, மல்லி.

மாஸ்டர் சின்ன வயதில் கண்ட கொட்டாஞ்சேனை வேறு. செல்லமஹால், கிங்ஸ்லி என்று தியேட்டர்கள் நிறைந்திருந்த காலம் அது. எம்.ஜி.ஆர். படம் வந்தால் சிலம்பச் சண்டையைப் பார்க்கவே திரும்பத் திரும்பப் போவாராம். பிறகு குத்துச்சண்டை பழகினார். சிங்களப் படங்களில் சண்டைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஹெந்தளைக்குப் போனார். அங்கே கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டுடியோ இருந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) படத்தைத் தயாரித்தவரும் குணரத்தினம்தான். சிங்களச் சினிமாவின் தொடக்கத்திலேயே தமிழர் கை இருக்கிறது. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வந்தது. எஸ்.எம். நாயகம் தயாரித்த அந்தப் படம் உருவானது மதுரையில். காமினி பொன்சேகா 'சண்டியா' (1965) படத்தில் மடித்துக் கட்டிய சாரத்தோடு நின்ற நாளிலிருந்து சண்டைப் படங்களுக்குத் தனி மவுசு வந்தது. பிறகு ரொபின் பெர்னாண்டோ, வில்சன் கரு போன்றவர்கள் சண்டையாலேயே முகம் தெரிந்தவர்கள் ஆனார்கள். அந்தக் காமினியும் தொடக்கத்தில் கமராவுக்குப் பின்னால் வேலை பார்த்தவர்தான். டேவிட் லீன் கித்துள்கலையில் எடுத்து 1957இல் வெளியிட்ட 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படப்பிடிப்பில் வேலை செய்தவர் அவர்.

இலங்கைத் தமிழ்ப் படங்களும் வந்துகொண்டிருந்தன. 1962இல் 'சமுதாயம்', அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி', எழுபதுகளில் வி.பி. கணேசனின் 'புதிய காற்று', 'நான் உங்கள் தோழன்'. இரண்டு மொழியிலும் சண்டைக்குப் போகலாம் என்ற நிலை இருந்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் அதை முடித்துவைத்தது. ஹெந்தளை ஸ்டுடியோ எரிந்தது. சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் என்ற தமிழர் கொல்லப்பட்டார். மாஸ்டர் சென்னைக்குப் போனார். வடபழனியில் அறை எடுத்து, கிடைத்த படங்களில் கூட்டத்தில் ஒருவராக அடி வாங்கினார். பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். சொத்து என்று எதையும் கொண்டுவரவில்லை. தொழிலைக் கொண்டுவந்தார். அதைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்.

முதலில் விழு

குத்தப் பழகத்தான் எல்லோரும் வருகிறோம். மாஸ்டர் குத்தைத் தொடவே விடமாட்டார். "குத்துறத பிறகு பாப்பம் தம்பி. மொதல்ல விழப் பழகு" என்பார். பின்பக்கமாக விழுவதுதான் முதல் பாடம்.

குந்தியிருக்க வேண்டும். தாடை நெஞ்சில் பதிய வேண்டும், கண் தொப்புளைப் பார்க்க வேண்டும். தாடை நெஞ்சோடு இருந்தால் பின்மண்டை தரையில் மோதாது. பிறகு இடுப்பு, நடுமுதுகு, தோள் என்று முதுகை வளைத்து உருள வேண்டும். தோள் தரைக்கு வரும் நேரத்தில் இரண்டு கைகளும் உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை கீழே பார்க்க, தரையை ஓங்கி அறைய வேண்டும். அதே நேரத்தில் மூச்சை வாயால் வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் நெஞ்சுக்குள் உதைத்ததுபோல் இருக்கும். எக்காரணம் கொண்டும் கையைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழும்போது ஊன்றத் துடிப்பது மனித இயல்பு, மணிக்கட்டும் காறை எலும்பும் உடைவது அந்த இயல்பால்தான். அந்தத் துடிப்பை உடம்பிலிருந்து நீக்குவதுதான் பயிற்சி. அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை, விழுந்து விழுந்துதான் வரும். தும்பு மெத்தை அடுக்கு நாளாக ஆகக் குறையும். கடைசியில் சீமெந்துத் தரையில் ஒரு பாய் மட்டும் கிடக்கும்.

இந்த முறை ஜூடோவிலிருந்து வந்தது. 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ தொடங்கிய அந்தக் கலையில் எதிரியை எறியக் கற்பதற்கு முன் எறியப்படக் கற்க வேண்டும். தமிழ்ச் சினிமாவில் ஜூடோ என்றாலே ரத்தினம்தான். குடியாத்தத்துக்காரரான ஜூடோ கே.கே. ரத்தினம் 1959இல் 'தாமரைக்குளம்' படத்தில் நடிகராக வந்தவர். 1965இல் 'வல்லவனுக்கு வல்லவன்' மூலம் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். 'முரட்டுக்காளை' (1980) ரயில் சண்டை அவர் அமைத்தது. சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ஜாகுவார் தங்கம் என்று பிறகு பெயர் பெற்ற மாஸ்டர்கள் பலர் அவர் பட்டறையில் வளர்ந்தவர்கள். 2006இல் 'தலைநகரம்' படத்தில் மறுபடி முகம் காட்டினார். 2023 ஜனவரியில், தொண்ணூறைக் கடந்த வயதில், சொந்த ஊரில் காலமானார். நடிகராக வந்து, சண்டைக்காரராக வாழ்ந்து, நடிகராகவும் திரும்பிய வாழ்க்கை அது. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது என்பதற்கு எங்கள் மாஸ்டர் எப்போதும் காட்டும் சாட்சி ரத்தினம்தான்.

உயரத்திலிருந்து விழுவதற்குக் காட்போட் பெட்டிகள். புறக்கோட்டை மொத்தக் கடைகளில் வெறும் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரே அளவுப் பெட்டிகளாகப் பொறுக்கி, மூலைகளை வெட்டிவிட்டு, காற்று வெளியேற வழி வைத்து அடுக்குவோம். கீழ் அடுக்கின் இணைப்பு மேல் அடுக்கின் நடுவில் வர வேண்டும், செங்கல் கட்டு மாதிரி. சுற்றிவர கயிறு கட்டாவிட்டால் விழும் வேகத்தில் பெட்டிகள் விலகி ஆள் தரைக்குப் போய்விடுவான். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மெத்தை, அதன் மேல் விரிப்பு. விழுந்ததும் பெட்டி நொறுங்க வேண்டும். நொறுங்காத பெட்டி தரையைப் போலத்தான்.

இதன் கணக்கை மாஸ்டர் சோக்கால் சுவரில் எழுதிக் காட்டினார். மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறவன் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறான். அந்த வேகம் ஐந்து சென்ரிமீற்றருக்குள் நின்றால் அவன் உடம்பு தன் எடையைப்போல் ஏறக்குறைய அறுபது மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஒரு மீற்றர் தூரம் பெட்டிகளுக்குள் அமிழ்ந்து நின்றால் அது எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகக் குறைகிறது. விழுகிறவன் ஒருவனே, உயரமும் ஒன்றே. நிற்பதற்குக் கிடைக்கும் தூரம்தான் உயிரையும் எலும்பையும் காப்பாற்றுகிறது. "தைரியம் கடைசில வேணும். மொதல்ல பெட்டி வேணும்" என்பார். குதிக்கிறவனே தன் பெட்டியை அடுக்க வேண்டும், மற்றவன் அடுக்கியதைத் தானே சரிபார்க்க வேண்டும் என்பது ஸ்டோரின் சட்டம். முகத்துவாரத்துத் தங்கச்சி குதிப்பதற்கு முன் கயிற்றின் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பாள். எங்கள் கூட்டத்தில் உயரக் குதிப்பதில் அவளே முதல்.

அடி எப்படி அடியாகிறது

விழுதல் உடம்பில் ஊறிய பிறகு அடி வாங்கும் பாடம். ஓங்கும் கைக்கும் வாங்கும் முகத்துக்கும் நடுவில் ஓர் அடி இடைவெளி இருக்கும். கமரா அடிப்பவனின் தோளுக்குப் பின்னால் அல்லது வாங்குபவனின் பின்னால் நின்றால் அந்த இடைவெளி தெரியாது. தூரத்தில் நின்று நீண்ட லென்ஸால் எடுத்தால் முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் நெருங்கித் தெரியும், இடைவெளி இன்னும் மறையும். ஃபிலிம் காலத்தில் நொடிக்கு 24 சட்டகம் என்பதைக் கொஞ்சம் குறைத்து ஓடவிட்டு எடுப்பார்கள். திரையில் கை வேகமாகப் பாயும். இவையெல்லாம் கமரா செய்யும் உதவி. மீதி முழுவதும் வாங்குபவன் கையில்.

அடிப்பதற்கு முன் இரண்டு பேரும் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்தால் 'தயார்' என்று அர்த்தம். பார்க்காமல் கை நகரவே கூடாது. குத்து முகத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் தாடை திரும்ப வேண்டும். முந்தினால் பொய், பிந்தினாலும் பொய். தலை திரும்பிய திசையில் தோள் போகும், தோளை இடுப்பு தொடரும், கால் கடைசியாக நகரும். வயிற்றில் குத்து என்றால் முதலில் மூச்சு போகும், பிறகு முதுகு வளையும், முழங்கால் மடியும். எந்த இடத்தில் எந்த வேகத்தில் அடி விழுந்தது என்பது வாங்குபவனின் உடம்பில் எழுதப்பட வேண்டும். பார்ப்பவர் அதைப் படித்துத்தான் அடித்தவனின் பலத்தை நம்புகிறார்.

இந்த அசைவுகளை நான் ஓரளவு பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மாஸ்டர் பயிற்சியை நிறுத்தினார். என் தாடை சரியான நேரத்தில் திரும்பியது, உடம்பும் ஒழுங்காகப் போனது.

"தம்பி, அடி விழுந்ததும் உன் மூஞ்சில என்ன வருது?"

"வலி, மாஸ்டர்."

"ஒருத்தன் ரோட்டுல உன்ன அறஞ்சா மொதல்ல வலியா வரும்? 'இவன் என்னைய அறஞ்சிட்டானா'ன்னு ஒரு திகைப்பு வரும். அதுக்குப் பொறவுதான் வலி. வலிக்குப் பொறவு வெக்கம், இல்லாட்டிக் கோவம். வாங்குறவன் ரவுடியா இருந்தா கோவம். நாலு பேர் பாக்க வாங்கின பெரிய மனுசனா இருந்தா வெக்கம். நீ யாரா நின்னு வாங்குறே? அதச் சொல்லு மொதல்ல."

அன்று மாலை முழுவதும் ஒரே ஓர் அறையைத்தான் பழகினோம். வட்டிக்காரனிடம் கையாளாக இருப்பவன் வாங்கும் அறை, தம்பியின் முன்னால் அண்ணன் வாங்கும் அறை, தான் செய்தது பிழை என்று தெரிந்தவன் வாங்கும் அறை. கையும் ஒன்று, தூரமும் ஒன்று, தாடை திரும்பும் கோணமும் ஒன்று. அடிக்கும் வலிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னத் திகைப்பு ஒவ்வொருவனுக்கும் வேறாக வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது, நான் படித்துக்கொண்டிருப்பது நடிப்பு என்று.

அதன் பிறகு 'நான் கடவுள்' படத்தை ஓசையை அணைத்துவிட்டுப் பார்த்தோம். தாண்டவன் அதிகம் அசைவதில்லை. தோளைத் தளர விட்டு நிற்கிறான். எப்போது எந்தப் பக்கம் பாய்வான் என்று தெரியாத ஓர் அமைதி அந்த உடம்பில் இருக்கிறது. எத்தனையோ பேரிடம் அடி வாங்கிய உடம்புக்கு, அடிக்கப் போகிறவன் எப்படி நிற்பான் என்பது தெரியும். எதிரே நின்று அதைத்தானே அவர் ஆண்டாண்டாகப் பார்த்திருக்கிறார். நகைச்சுவையிலும் அவரைக் காப்பாற்றுவது அதே கணக்குத்தான். யாராவது அவரை எதிர்த்துப் பேசியதும், அந்தப் பெரிய உருவம் ஒரு நொடி திகைத்து நிற்கும். அந்த நொடி சரியாக விழுந்தால் தியேட்டர் சிரிக்கும், முந்தினாலோ பிந்தினாலோ சிரிப்பு வராது. சண்டையில் பழகிய டைமிங் அது.

பிறர் உடம்பும் சொந்த முகமும்

டூப் போடுவது இந்தத் தொழிலின் இன்னொரு வகுப்பு. நாயகனுக்காகக் குதிக்கிறவன் நாயகனைப்போல் ஓட வேண்டும். ஒருவர் ஓடும்போது இடது தோள் தாழும், ஒருவர் கையை அகல வீசுவார், ஒருவர் நிற்கும்போது ஒரு காலில் பாரம் போடுவார். மாஸ்டர் எங்களை மாலையில் வெள்ளவத்தைச் சந்தியில் நிற்க வைத்துப் போகிற வருகிறவர்களின் நடையைப் பார்க்கச் சொல்வார். மீன் பையோடு போகும் அம்மா, கோயிலுக்குப் போகும் ஐயா, ரயிலைப் பிடிக்க ஓடும் கந்தோர்காரர். மறுநாள் ஸ்டோரில் அவர்களாக நடந்து காட்ட வேண்டும். பல நடிப்புப் பள்ளிகளிலும் இது பாடத்திட்டத்தில் இருக்கும். டூப் போடுகிறவன் அதைத் தன் வயிற்றுப்பாட்டுக்காகவே கற்கிறான்.

ஆனால் ஃபைட்டர் நடிகராவதில் ஒரு பெரிய முட்டுக்கட்டை இருக்கிறது. அவன் உடம்பு முகத்தை மறைக்கப் பழகிய உடம்பு. டூப்பின் முகம் தெரிந்தால் அந்த ஷொட் வீண். அதனால் கமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தலை தானாகவே திரும்பும். கூட்டச் சண்டையில் நாயகனின் முகம் மறைந்துவிடாமல் விலகி விழுவதும் பழக்கமாகிவிடும். வசனம் கிடைக்கும் நாளில் அதே மனிதன் கமராவை நோக்கித் திரும்பி, அசையாமல் நின்று, தன் முகத்தைக் கொடுக்க வேண்டும்.

இதை நான் என் உடம்பிலேயே அனுபவித்தேன். கொழும்பு இளைஞர்கள் சிலர் எடுத்த தமிழ்க் குறும்படத்தில் எனக்கு அடியாள் வேடம், இரண்டு வசனமும் இருந்தது. ஒத்திகைக்கு வந்த மாஸ்டர் சண்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சோக்கால் ஒரு வட்டம் போட்டார். அதைப் பார்த்தபடி, உடம்பில் எதையும் அசைக்காமல், அந்த இரண்டு வசனத்தையும் சொல்லச் சொன்னார். கை தானாக எழும், தோள் திரும்பும். "விடு, கைக்கு வேலை இல்ல. அடிக்க முந்தி பாப்பியே ஒரு பார்வை, அந்தப் பார்வையிலயே சொல்லு" என்றார். சண்டைக்கு முன் எதிராளியின் கண்ணைச் சந்திக்கும் அந்தப் பார்வையோடு வசனத்தைச் சொன்னபோது குரல் தாழ்ந்து, தெளிவாக வந்தது. இந்தத் தொழிலில் நான் கற்றவற்றிலே எனக்குப் பெரியது அதுதான். புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, இருந்ததையே முகத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

இந்த வழியில் வந்தவர்கள் பலர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) காலத்தில் சண்டைக் கலைஞராக இருந்த பொன்னம்பலம் 'நாட்டாமை' (1994) படத்தில் வில்லனாகத் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். சண்டைப் பயிற்சியாளர் ஸ்டண்ட் சில்வா வில்லன் வேடங்களில் நடித்தார், 'சித்திரைச் செவ்வானம்' (2021) படத்தை இயக்கவும் செய்தார். ஹொங்கொங்கில் ஜாக்கி சான் ஸ்டண்ட் பையனாகத் தொடங்கி 1978இல் 'டிரங்கன் மாஸ்டர்' மூலம் நாயகனாக நிலைபெற்றார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் முப்பது ஆண்டுக்கு மேல் குதிரையிலிருந்து விழுந்த மனிதர். 1999இல் வந்த 'த ஸ்ட்ரெயிட் ஸ்டோரி' படத்துக்காக, எண்பதை நெருங்கிய வயதில், சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றார். அந்தப் படத்தில் அவர் செய்த பெரிய சாகசம், புல்வெட்டும் வண்டியில் அமர்ந்து மெதுவாகப் போனதுதான். விழுந்து பழகிய உடம்பு சும்மா உட்கார்ந்திருப்பதையும் நடிப்பாக்கிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விலை

இந்தத் தொழிலின் விலையையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் கன்னடப் படமொன்றுக்காக ஹெலிகொப்டரிலிருந்து குதித்த அனில், உதய் இருவரும் மூழ்கி இறந்தார்கள். இருவரும் வில்லன் வேடங்களில் வளர்ந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் உடம்பில் உயிர்காப்பு அங்கி இருக்கவில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் பாயும் காட்சியில் மோகன்ராஜ் என்ற அனுபவசாலி உயிரிழந்தார். இப்படியான செய்தி வரும் நாளில் ஸ்டோரில் பயிற்சி நடக்காது. மாஸ்டர் எங்களை உட்கார வைத்து, எங்கே பெட்டி இருந்திருக்க வேண்டும், எங்கே படகு நின்றிருக்க வேண்டும், யார் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். 'வேண்டாம், மாஸ்டர்' என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு ஃபைட்டருக்கும் உண்டு என்பதை அவர் எங்களுக்கு வாய்விட்டுச் சொல்லிப் பழக்கினார். தைரியசாலி என்று பெயர் எடுப்பதற்காகப் பேசாமல் இருப்பவனுக்கு அவர் ஸ்டோரில் இடமில்லை.

அங்கீகாரமும் மெதுவாகத்தான் வருகிறது. இந்திய தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கு ஒரு பிரிவு வந்தது 2017இல். 'புலிமுருகன்' படத்துக்காக அந்த முதல் விருதைப் பெற்றவர் பீட்டர் ஹெய்ன். ஸ்டண்ட் வடிவமைப்புக்கு ஒஸ்கார் கொடுக்கப்போவதாக அமெரிக்க அகாடமி 2025இல்தான் அறிவித்தது, அதுவும் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து. ஒஸ்கார் தன் நூறாவது விழாவைத் தொடும் நேரத்தில்தான் விழுபவர்களுக்கும் ஒரு நாற்காலி போடப்படுகிறது.

இங்கே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் தமிழ்க் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கச்சிகள் பெருகிவிட்டார்கள். கமரா கைக்கு வந்துவிட்டது, கதையும் இருக்கிறது. அவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. நண்பன் தானே என்று யாரையும் வெறும் தரையில் விழச் சொல்லாதீர்கள். புறக்கோட்டையில் பெட்டி சும்மா கிடக்கிறது, அடுக்கிக் கட்ட ஒரு மணி நேரம் போதும். தண்ணீரில் இறங்கும் காட்சி என்றால் நீந்தத் தெரிந்த இருவர் பக்கத்தில் நிற்காமல் 'அக்ஷன்' சொல்லாதீர்கள். படம் முடிந்ததும் அடி வாங்கிய ஒவ்வொருவரின் பெயரையும், அவர் ஏற்ற பாத்திரத்தோடு, நடிகர் பட்டியலிலேயே போடுங்கள். அவரும் உங்கள் படத்தில் நடித்தவர்தான். அடுத்த படத்தில் அவருக்கு ஒரு வசனம் எழுதிப் பாருங்கள். அதைத் தாங்குகிற உடம்பு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.